பழைய ஆளை மறுபடி ஓனராக்கிய ஒரு வரி: லினக்ஸ் ஆர்டி-மியூடெக்ஸில் பத்தாண்டு கிடந்த ரேஸ்

2016 நவம்பர் கடைசியில் லினக்ஸ் கெர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஆர்டி-மியூடெக்ஸ் பூட்டுக்கு ஒரு பேட்ச் (நிரல் திருத்தம்) வந்தது. பூட்டு என்பது, பொதுத் தரவை ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் தொடவிடும் ஏற்பாடு. எழுதியவர் தாமஸ் கிளைக்ஸ்னர். பிழையைப் பிடித்துக் கொடுத்தவர் அப்போது கேவியம் நிறுவனத்தில் இருந்த டேவிட் டேனி. ஓடுகிற கோடாக (நிரல் வரிகளாக) பார்த்தால் அந்தப் பேட்ச் சேர்த்தது ஒரே ஒரு 'இஃப்' நிபந்தனை. அதற்கு மேல் எழுதி வைத்த விளக்கக் குறிப்போ ஒரு பக்கத்தைத் தாண்டும். எந்த சிபியு எந்த நொடியில் என்ன செய்தால் பூட்டு கெடும் என்பதை வரிக்கு வரி காட்டும் படம் அது. இன்றும் கெர்னல் மூலக் கோப்பிலேயே இருக்கிறது.

கெர்னலில் ரேஸ் பிழைகள், அதாவது ஒரே தரவை இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் தொட்டு, யார் முந்துகிறார் என்பதைப் பொறுத்து விளைவு மாறும் பிழைகள், ஏராளம். பெரும்பாலானவை பூட்டை எடுக்க மறந்ததாலோ தவறான வரிசையில் எடுத்ததாலோ வருபவை. இது அந்த வகை இல்லை. எடுக்க வேண்டிய ஸ்பின்லாக்கை (தூங்காமல் சுற்றிக்கொண்டே காத்திருக்கும் சிறு பூட்டு) முறையாக எடுத்துக்கொண்டு, ஏற்கெனவே சுழியாக இருக்கும் ஒரு பிட்டை மறுபடியும் சுழியாக்கியதுதான் இங்கே நடந்தது. எதையும் மாற்றாத அந்த ஸ்டோர் (நினைவகத்தில் எழுதும் செயல்), விடுவிக்கப்பட்ட பூட்டை விடுவித்தவர் பெயரிலேயே திரும்ப எழுதிவிட்டது. பூட்டு எழுதும் வேலையில் இருப்பவர்கள் எல்லாரும் ஒருமுறை உட்கார்ந்து முழுதாகப் படிக்க வேண்டிய பிழை இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

இந்தப் பூட்டு எதற்கு

குறைந்த முன்னுரிமை கொண்ட த்ரெட் (தனியாக ஓடும் ஒரு வேலை) ஒன்று பூட்டைப் பிடித்திருக்கிறது. உயர்ந்த முன்னுரிமை த்ரெட் அதே பூட்டுக்காகக் காத்திருக்கிறது. இடையில் நடுத்தர முன்னுரிமை த்ரெட் ஒன்று சிபியுவைப் பிடித்துக்கொண்டால், கீழே இருப்பது ஓட முடியாது. ஓடாததால் பூட்டை விட முடியாது. மேலே இருப்பது காத்தே கிடக்கும். 1997-ல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலம் திரும்பத் திரும்ப ரீசெட் ஆனதற்கு இந்த முன்னுரிமைத் தலைகீழ்தான் காரணம். தீர்வு, பூட்டைப் பிடித்திருப்பவருக்குக் காத்திருப்பவரின் முன்னுரிமையைத் தற்காலிகமாகக் கொடுப்பது. லினக்ஸில் அதைச் செய்வது ஆர்டி-மியூடெக்ஸ்.

2006 செப்டம்பரில் வெளியான 2.6.18 கெர்னலில், முன்னுரிமை ஏற்கும் ஃபியூடெக்ஸ் (யூசர்ஸ்பேஸில், அதாவது கெர்னலுக்கு வெளியே, ஓடும் நிரல்கள் பயன்படுத்தும் பூட்டு) வசதியின் அடித்தளமாக அது உள்ளே வந்தது. குறித்த நேரத்துக்குள் பதில் தர வேண்டிய ரியல்-டைம் கெர்னலில் அதன் பங்கு இன்னும் பெரிது. அங்கே சாதாரண ஸ்பின்லாக்குகளில் பெரும்பகுதி ஆர்டி-மியூடெக்ஸின் மேல் அமைந்த, தூங்கக்கூடிய பூட்டுகளாக மாறிவிடும். ஆக இதில் ஒரு பிழை என்றால் ரியல்-டைம் கெர்னலின் அஸ்திவாரத்தில் பிழை என்று பொருள்.

ஒரே சொல்லில் இரண்டு செய்திகள்

பூட்டுக்குள் மூன்று பொருள்கள் முக்கியம். காத்திருப்போரின் வரிசை, அந்த வரிசையைக் காக்கும் 'வெயிட்-லாக்' என்னும் ஸ்பின்லாக், பூட்டு இப்போது யாரிடம் இருக்கிறது என்று சொல்லும் 'ஓனர்' புலம்.

ஓனர் புலத்தில் இருப்பது பூட்டைப் பிடித்திருக்கும் டாஸ்க்கின் (ஒரு த்ரெட்டுக்காகக் கெர்னல் வைத்திருக்கும் பதிவு) முகவரி. டாஸ்க் கட்டமைப்பு நினைவகத்தில் எப்போதும் சீரான எல்லையில் தொடங்குவதால் அந்த முகவரியின் கடைசி பிட் எப்போதும் 0. வீணாகக் கிடக்கும் அந்தப் பிட்டை வடிவமைத்தவர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள்: வரிசையில் யாராவது காத்திருந்தால் 1, இல்லையென்றால் 0. உதாரணத்துக்கு, முதல் த்ரெட்டின் முகவரி 4800 என்று வைத்துக்கொள்வோம். ஓனரில் 4800 இருந்தால், முதல் த்ரெட்டிடம் பூட்டு இருக்கிறது, யாரும் காத்திருக்கவில்லை. 4801 இருந்தால், அதே ஆளிடம் பூட்டு, வரிசையில் ஆள் உண்டு. 0 என்றால் பூட்டு காலி.

இப்படி இரண்டையும் ஒரே சொல்லில் (சிபியு ஒரே தடவையில் கையாளும் நினைவக அலகு) திணித்ததற்குக் காரணம் வேகம். போட்டியே இல்லாதபோது பூட்டை விடுவிக்க வெயிட்-லாக்கைத் தொட வேண்டியதில்லை. 'ஓனரில் 4800 இருந்தால் 0 ஆக்கு' என்று ஒரே ஒரு கம்பேர்-எக்ஸ்சேஞ்ச் கட்டளை. அணுச் செயலாக, நடுவில் யாரும் புக முடியாமல் முடிந்துவிடும். இதுதான் விரைவு வழி. யாராவது காத்திருந்தால் ஓனரில் 4801 இருக்கும், ஒப்பீடு தோற்கும், விடுவிப்பவர் மெதுவான வழிக்குப் போய், வெயிட்-லாக்கை எடுத்து, வரிசையின் தலையில் இருப்பவரை எழுப்புவார்.

அழகான வடிவமைப்பு. ஆனால் இதனால் ஒரே சொல்லுக்கு இரண்டு சட்டங்கள் வந்து சேர்ந்தன. கடைசி பிட்டை மாற்ற வேண்டுமானால் வெயிட்-லாக் கையில் இருக்க வேண்டும். மீதி பிட்டுகளையோ, கடைசி பிட் 0 ஆக இருக்கும் வரையில், எந்தப் பூட்டும் இல்லாமல் எந்த சிபியுவும் கம்பேர்-எக்ஸ்சேஞ்ச் மூலம் மாற்றலாம். வெயிட்-லாக்கைப் பிடித்திருப்பவர், பழக்கத்தால், 'பூட்டு என் கையில் இருக்கிறது, இந்தச் சொல் என்னுடையது' என்று நினைத்துவிடுவார். கடைசி பிட் 1 ஆக இருக்கும்வரை அந்த நினைப்பு சரி. 0 ஆன கணத்திலிருந்து தவறு.

பிழை இருந்த இடம்

காத்திருக்கும் த்ரெட் பூட்டு கிடைக்காமலேயே வரிசையை விட்டு விலக நேரலாம். சிக்னல் வந்திருக்கும், அல்லது காத்திருப்பின் கெடு முடிந்திருக்கும். அப்போது அது வெயிட்-லாக்கை எடுத்து, வரிசையிலிருந்து தன்னை நீக்கி, தன்னால் ஓனருக்கு ஏறிய முன்னுரிமையை இறக்கி, கடைசியில் ஒரு சீரமைப்புச் செயற்கூறை அழைக்கும். அந்தச் செயற்கூறு செய்தது இவ்வளவுதான்:

வரிசை காலி என்றால்:
ஓனர் = ஓனர் & ~1

அதாவது, யாரும் காத்திருக்கவில்லை என்றால் கடைசி பிட்டை அழி. படிக்கும்போது இதில் குறை சொல்ல எதுவும் தோன்றாது. வெயிட்-லாக் கையில் இருக்கிறது. வரிசை காலியாக இருப்பது நிச்சயம். காலியான வரிசைக்குப் பிட் 0 தான் சரியான மதிப்பு. பிட் ஏற்கெனவே 0 ஆக இருந்தாலும் 0-ஐ மறுபடி 0 ஆக்குவதில் என்ன கெட்டுவிடும்?

கெடுவது இங்கே: இந்த ஒரு வரி மூன்று செயல்கள். ஓனரைப் படித்து ரெஜிஸ்டருக்குக் கொண்டுவருவது, கடைசி பிட்டை அழிப்பது, விளைவை நினைவகத்தில் திரும்ப எழுதுவது. எழுதப்படுவது ஒரு பிட் அல்ல; சொல் முழுவதும். படித்ததற்கும் எழுதுவதற்கும் நடுவில் வேறொரு சிபியு அந்தச் சொல்லை மாற்றியிருந்தால், அந்த மாற்றம் அழிந்துபோகும்.

மூன்று சிபியுக்கள்

முதல் த்ரெட்டிடம் பூட்டு இருக்கிறது. ஓனர்: 4800.

இரண்டாம் த்ரெட் அதே பூட்டைக் கேட்கிறது. கிடைக்கவில்லை. வெயிட்-லாக்கை எடுத்து, பிட்டை ஏற்றி, வரிசையில் நின்று, முதல் த்ரெட்டின் முன்னுரிமையை உயர்த்திவிட்டுத் தூங்குகிறது. மூன்றாம் த்ரெட்டும் அப்படியே. ஓனர்: 4801.

இப்போது இரண்டு பேருக்கும் சிக்னல் வருகிறது. இரண்டும் எழுகின்றன, விலகத் தொடங்குகின்றன. இரண்டாம் த்ரெட் வெயிட்-லாக்கை எடுத்துத் தன்னை வரிசையிலிருந்து நீக்குகிறது. அடுத்தது முன்னுரிமையை இறக்குவது. இதற்காக வெயிட்-லாக்கை நடுவில் ஒருமுறை விட வேண்டி வருகிறது: ஓனரே வேறொரு பூட்டுக்காகக் காத்திருந்தால், அந்தப் பூட்டின் ஓனர், அவர் காத்திருக்கும் பூட்டு என்று சங்கிலியைத் தொடர்ந்து எல்லா இடத்திலும் முன்னுரிமையைத் திருத்த வேண்டும், இந்தப் பூட்டின் வெயிட்-லாக்கைக் கையில் வைத்துக்கொண்டே அந்தச் சங்கிலியில் நடக்க முடியாது. எல்லாக் குழப்பத்துக்கும் வாசல் இந்த இடைவெளிதான். இரண்டாம் த்ரெட் வரிசையை விட்டு நீங்கிவிட்டது. ஆனால் பிட்டைச் சீர்செய்யும் வேலை பாக்கி.

அந்த இடைவெளியில் மூன்றாம் த்ரெட் வெயிட்-லாக்கை எடுக்கிறது, அதுவும் நீங்குகிறது. வரிசை காலி. அதுவும் முன்னுரிமை வேலைக்காக வெயிட்-லாக்கை விடுகிறது.

இரண்டாம் த்ரெட் திரும்ப வந்து வெயிட்-லாக்கை எடுத்துச் சீரமைப்பை அழைக்கிறது. வரிசை காலி, 4801-ஐப் படித்து 4800 என்று எழுதுகிறது. இது முற்றிலும் சரியான செயல். பிட் 1 ஆக இருந்ததால் நடுவில் யாரும் கம்பேர்-எக்ஸ்சேஞ்ச் செய்து ஜெயித்திருக்க முடியாது. வெயிட்-லாக்கை விடுகிறது.

அடுத்து மூன்றாம் த்ரெட் அதே வேலைக்கு வருகிறது. வெயிட்-லாக் கையில். வரிசை காலி. ஓனரைப் படிக்கிறது: 4800. பிட்டை அழிக்கிறது: 4800 தான். இன்னும் எழுதவில்லை.

இந்த நொடியில், வேறொரு சிபியுவில் ஓடிக்கொண்டிருக்கும் முதல் த்ரெட் தன் வேலையை முடித்துப் பூட்டை விடுவிக்கிறது. 'ஓனரில் 4800 இருந்தால் 0 ஆக்கு.' இருக்கிறது. ஆக்கியாயிற்று. ஓனர்: 0. முதல் த்ரெட் தன் வழியே போய்விட்டது.

மூன்றாம் த்ரெட் கையில் வைத்திருந்ததை எழுதுகிறது. ஓனர்: 4800.

வெயிட்-லாக் விதியை யாரும் மீறவில்லை. ஒவ்வொரு த்ரெட்டும் தன் பங்கைச் சொன்னபடி செய்தது. பூட்டு மட்டும், அதை விட்டுவிட்டுப் போனவர் பெயரில் பூட்டிக் கிடக்கிறது.

அதன் பிறகு என்ன ஆகும்

அடுத்து அந்தப் பூட்டைக் கேட்டு வருபவருக்கு ஓனரில் 4800 தெரியும். வரிசையில் நின்று முதல் த்ரெட்டின் முன்னுரிமையை உயர்த்திவிட்டுக் காத்திருப்பார். முதல் த்ரெட்டுக்கோ தன்னிடம் பூட்டு இருப்பதே தெரியாது. அது விடுவிக்கப் போவதில்லை. முதல் த்ரெட்டே மறுபடி அந்தப் பூட்டைக் கேட்டால், ஏற்கெனவே தன்னிடம் இருக்கும் பூட்டைத் தானே கேட்பதாகக் கணக்காகும்.

இதைவிடக் கொடியது, முதல் த்ரெட் இதற்குள் முடிந்து, அதன் டாஸ்க் கட்டமைப்பு நினைவகத்திலிருந்து விடுவிக்கப்பட்டிருந்தால் நடப்பது. 4800 இப்போது இல்லாத ஒருவரின் முகவரி. அங்கே வேறு ஏதாவது தரவு உட்கார்ந்திருக்கலாம். அதன் முன்னுரிமையைத் திருத்தப் போகும் கெர்னல், யாருடைய நினைவகத்திலோ எழுதும். அப்படி ஒரு கிராஷ் பூட்டுக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில், வெகுநேரம் கழித்து வெடிக்கும். பின்னாலிருந்து தடம் பிடித்து மூலத்துக்கு வருவது மிகக் கடினம். அதனால்தான் டேனி செய்த வேலையை நான் பெரிதாக மதிக்கிறேன். கோடில் பொறுமையாக அளவீட்டுப் புள்ளிகளைச் செருகி, பிழையை எழுப்பும் டெஸ்ட் புரோகிராமையும் எழுதி, நிகழ்வுகளின் வரிசை வெளிப்படும்படி தரவு திரட்டிக் கொடுத்தார். இந்த நுட்பமான சிக்கலைப் பிரித்துப் படிக்க முடிந்ததே அந்தத் தகவலால்தான் என்று கிளைக்ஸ்னர் பேட்ச் குறிப்பிலேயே நன்றி சொல்லியிருக்கிறார். ரேஸ் பிழையில் திருத்தம் எழுதுவது கடைசிக் கால் பங்கு வேலை. முக்கால் பங்கு, எந்த வரிசையில் நடந்தது என்று நிரூபிப்பது.

பத்தாண்டு எப்படி மறைந்திருந்தது

டேனியின் டெஸ்ட் புரோகிராம் ஆர்ம்64, மிப்ஸ்64 இரண்டிலும் விரைவிலேயே பிழையை எழுப்பியது. எக்ஸ்86-64-ல் எழும்பவே இல்லை, பிழை அங்கும் இருந்தபோதிலும். இவ்வளவு நாள் யார் கண்ணிலும் படாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம் என்கிறது பேட்ச் குறிப்பு. கெர்னல் சோதனைகளில் பெரும்பகுதி ஓடிய கணினிகள் எந்த வகை என்று யோசித்தால் இது பொருந்தும். கேவியம் ஆக்டியான் என்ற மிப்ஸ்64 சிப்புகளும் தண்டர்எக்ஸ் என்ற ஆர்ம்64 சர்வர் சிப்புகளும் செய்த நிறுவனம். இரண்டிலும் கோர்கள் நிறைய.

எக்ஸ்86-ல் ஏன் எழும்பவில்லை என்பதற்கு என் கணிப்பு இது. ஆர்ம், மிப்ஸ் போன்றவற்றில் சாதாரணக் கட்டளையால் நினைவக மதிப்பை நேரடியாகத் திருத்த வழியில்லை. படிக்க ஒரு கட்டளை, பிட்டை அழிக்க ஒன்று, எழுத ஒன்று. எக்ஸ்86-ல் கம்பைலர் அந்த வரி முழுவதையும் நினைவகத்தின் மேலேயே செய்யும் ஒரே 'ஆண்ட்' கட்டளையாகத் தர முடியும். 'லாக்' முன்னொட்டு இல்லாததால் அது அணுச் செயல் ஆகாது; உள்ளே படிப்பும் எழுத்தும் தனித்தனிதான். ஆனால் இடைவெளி மிகமிகக் குறுகிவிடுகிறது. போதாததற்கு வெயிட்-லாக் பிடித்திருக்கும்போது இன்டரப்ட்டும் மூடியிருக்கும். இடையில் வேறு வேலை புகுந்து அந்த ஜன்னலை அகலமாக்கவும் வாய்ப்பில்லை.

இன்னொரு மறைவிடமும் உண்டு. எனக்கு இதுதான் அதிகம் உறுத்தியது. ஆர்டி-மியூடெக்ஸுக்கென்றே கெர்னலில் ஒரு டீபக் (பிழை தேடும்) கட்டமைப்பு இருக்கிறது. அதை இயக்கினால் விரைவு வழி மொத்தமாக மூடப்பட்டு, எல்லா விடுவிப்பும் வெயிட்-லாக்கின் கீழ் மெதுவான வழியிலேயே நடக்கும். இந்த ரேஸுக்குத் தேவையான இரண்டாவது ஆளே அங்கே இல்லாமல் போகிறார். பூட்டில் ஏதோ கோளாறு என்று சந்தேகப்பட்டு டீபக்கை இயக்கிய யாருக்கும் பிழை காணாமல் போயிருக்கும்.

பூட்டுப் பிழைகளைத் தேடும் லாக்டெப் கருவி உதவாதா என்று கேட்கலாம். அதுவும் இதே 2.6.18-ல் தான் கெர்னலுக்குள் வந்தது. அது பார்ப்பது பூட்டுகள் எடுக்கப்படும் வரிசையையும் சூழலையும். இங்கே வரிசையில் குற்றமே இல்லை. அது சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

கவனம் இல்லாத மூலை என்றும் சொல்ல முடியாது. 2014-ல் ஃபியூடெக்ஸில் ஒரு பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தது. ஆண்ட்ராய்டு போன்களை ரூட் செய்யும் டவல்ரூட் கருவி அதை வைத்துத்தான் வேலை செய்தது. அதையொட்டி இந்தப் பகுதி முழுவதையும் திறமையானவர்கள் சல்லடை போட்டுச் சலித்தார்கள். அதே ஆண்டு ஜூனில் இதே பூட்டின் மெதுவான விடுவிப்பு வழியில் வேறொரு ரேஸ் அடைக்கப்பட்டது. அந்தத் திருத்தத்தில் சீரமைப்பு வரிக்குப் பக்கத்திலேயே கை போய் வந்திருக்கிறது. அப்போதும் இது தப்பியது. ஏற்கெனவே அழிந்த பிட்டை அழிப்பதை ஆபத்தாகப் பார்க்க மனித மூளை மறுக்கிறது.

திருத்தம்

வரிசையில் ஆள் இருந்தால்: திரும்பு
ப = ரீட்-ஒன்ஸ்(ஓனர்)
ப-வின் கடைசி பிட் 1 என்றால்:
ரைட்-ஒன்ஸ்(ஓனர், ப & ~1)

பிட் 1 ஆக இருந்தால் மட்டும் எழுது. அவ்வளவே. அணுச் செயல் எதுவும் சேர்க்கப்படவில்லை. படிப்பதும் எழுதுவதும் பழையபடி தனித்தனிதான். நடுவில் இடைவெளியும் அப்படியே இருக்கிறது. பிறகு எப்படி இது போதும்?

இரண்டு நிலைகள்தான் சாத்தியம். படிக்கும்போது பிட் 1 என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பிட்டை மாற்ற வெயிட்-லாக் வேண்டும். அது நம் கையில் இருக்கிறது. ஆகவே நாம் எழுதும்வரை பிட் 1 ஆகவே நிற்கும். பிட் 1 ஆக நிற்கும்வரை ஓனரில் இருப்பது 4801. 4800-ஐத் தேடும் விரைவு விடுவிப்பு தோற்றே தீரும். தோற்றவர் மெதுவான வழியில் வந்து வெயிட்-லாக்குக்காக நமக்குப் பின்னால் நிற்பார். 0-ஐத் தேடும் விரைவுப் பூட்டலும் தோற்கும். ஆக நாம் படித்ததற்கும் எழுதுவதற்கும் நடுவில் அந்தச் சொல்லை யாராலும் மாற்ற முடியாது. சாதாரண ஸ்டோரே போதும்.

படிக்கும்போது பிட் 0 என்றால் நாம் எழுதவே போவதில்லை. யார் எப்போது கம்பேர்-எக்ஸ்சேஞ்ச் செய்தாலும் கெடுக்க நம்மிடம் ஒன்றும் இல்லை. செய்ய வேண்டிய வேலையை வேறொருவர் முன்பே முடித்திருக்கிறார்.

பேட்சின் முழு எடையும் இந்த வாதத்தில் இருக்கிறது. கடைசி பிட் வெறும் அறிவிப்பு அல்ல. 1 ஆக இருக்கும்போது அதுவே அந்தச் சொல்லுக்கான பூட்டு. வெயிட்-லாக் பிட்டைக் காக்கிறது; பிட் சொல்லைக் காக்கிறது. பழைய வரி, நடுவில் இருந்த காவல் இறங்கிய பிறகும் அது இருப்பதாக நினைத்துச் சொல்லைத் தொட்டது.

வேறு வழிகளும் இருந்தன. சீரமைப்பையும் கம்பேர்-எக்ஸ்சேஞ்ச் சுழலாக எழுதியிருக்கலாம். சரியாக வேலை செய்திருக்கும், ஆனால் தேவையில்லாத அணுச் செயல் ஒன்று ஒவ்வொரு முறையும் சேரும். அதைவிட, அது நோயின் பெயரை மறைத்துவிடும்: எல்லாவற்றையும் அணுச் செயலாக்கினால் எது எதைக் காக்கிறது என்ற கேள்வியே யாருக்கும் எழாது. விரைவு வழியை எடுத்துவிடுவது இன்னொரு வழி. ரியல்-டைம் கெர்னலில் ஒவ்வொரு சிறு பூட்டுக்கும் அது விலை கேட்கும். முன்னுரிமைச் சங்கிலியில் நடக்கும்போதும் வெயிட்-லாக்கை விடாமல் வைத்திருப்பது நடக்கிற காரியம் இல்லை. ஒரு பூட்டின் வெயிட்-லாக்கைப் பிடித்தபடி அடுத்ததன் வெயிட்-லாக்குக்குப் போனால், எதிர்த்திசையில் வருபவரோடு முட்டி இருவரும் நின்றுவிடுவார்கள்.

ரீட்-ஒன்ஸ், ரைட்-ஒன்ஸ் பற்றி ஒரு வார்த்தை. கம்பைலர் அந்தச் சொல்லை இரண்டு முறை படிக்கவோ, எழுத்தைத் துண்டாக்கவோ, நிபந்தனைக்கு முன்பே எழுதி வைக்கவோ கூடாது என்பதற்காக அவை. இதே தொடரில் வந்த இன்னொரு பேட்ச், ஓனரைப் படிக்கும் பொதுச் செயற்கூறிலும் ரீட்-ஒன்ஸைச் சேர்த்தது. ஆனால் இந்த இரண்டை மட்டும் போட்டு, 'பிட் 1 என்றால்' என்ற நிபந்தனையை விட்டிருந்தால் ரேஸ் அப்படியே இருந்திருக்கும். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2020-ல் 5.8 கெர்னலோடு கேசிசான் என்ற டேட்டா ரேஸ் கண்டுபிடிப்புக் கருவி வந்தது. அது குறி வைப்பது, அடையாளமிடாத சாதாரண அணுகல்கள் ஒன்றோடொன்று மோதுவதை. ரீட்-ஒன்ஸ், ரைட்-ஒன்ஸ் போட்டவுடன் 'இது வேண்டுமென்றே செய்தது' என்று அடையாளமாகிவிடும், கருவி அமைதியாகும். பழைய ஓனரை உட்காரவைக்கும் ஸ்டோர் மட்டும் அமைதியாகத் தொடரும். கருவியின் எச்சரிக்கையைப் போக்க இந்த இரண்டு மேக்ரோக்களைத் தூவும் பேட்சுகளைப் பார்க்கும்போதெல்லாம், எந்தப் பிட்டை எந்தப் பூட்டு காக்கிறது என்று எழுதியவரிடம் கேட்க வேண்டும்.

பேட்ச் டிசம்பர் தொடக்கத்தில் முதன்மைக் கெர்னலில் சேர்ந்தது. 2016 டிசம்பர் 11-ல் வெளியான 4.9-ல் அது இருக்கிறது. ஏற்கெனவே வெளியாகி, திருத்தங்கள் மட்டும் பெறும் நிலைக் கெர்னல்களுக்கும் அனுப்பப்பட்டது.

பிறகு வந்தவை

2017-ல் பீட்டர் சைல்ஸ்ட்ரா ஃபியூடெக்ஸ் பக்கத்தைத் திருத்தி எழுதினார். ஃபியூடெக்ஸுக்கு யூசர்ஸ்பேஸிலேயே சொந்தமாக ஒரு விரைவு வழி இருக்கிறது. கெர்னலுக்குள் வந்த பிறகு இரண்டாவதாக ஒன்று எதற்கு என்பது அவர் கேள்வி. 4.12 முதல் ஃபியூடெக்ஸுக்கான ஆர்டி-மியூடெக்ஸ் அழைப்புகள் தனியாகப் பிரிந்தன. அவை கெர்னலின் விரைவு வழியைத் தொடுவதில்லை. எனவே அந்தப் பக்கத்தில் ஓனர் சொல் முழுவதும் வெயிட்-லாக்கின் கீழேயே வந்தது, ஒரே சட்டம். எனக்கு இது 'இஃப்' நிபந்தனையைவிட ஆழமான திருத்தமாகப் படுகிறது.

ஆனால் கெர்னலின் உள் பூட்டுகளுக்கு விரைவு வழி தொடர்ந்தது, தொடரத்தான் வேண்டும். 2022-ல் அதே சீரமைப்புச் செயற்கூறு மறுபடி மேசைக்கு வந்தது. யான் காரா, ஆர்ம்64-ல் ரியல்-டைம் கெர்னலின் மேல் எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமையில் டிபெஞ்ச் சோதனையை ஓட்டியபோது ஐநோடு (கோப்பின் விவரப் பதிவு) கோடில் கெர்னல் பிழை காட்டி நின்றது. இந்த முறை மதிப்பு தவறவில்லை. நினைவக வரிசை தவறியது. விரைவு வழியில் விடுவிப்பவர் வெயிட்-லாக்கைத் தொடாமல், ஓனர் சொல்லில் மட்டும் ரிலீஸ் முறையில் (முந்தைய வேலைகள் இதற்குப் பின்னால் நழுவாதபடி) எழுதிவிட்டுப் போகிறார். மெதுவான வழியில் பூட்டைப் பெறுபவர் வெயிட்-லாக்கை எடுத்துத்தான் பெறுகிறார். ஆனால் முன்னவர் அதைத் தொடவே இல்லையாதலால், அது இருவருக்கும் நடுவில் எந்த வரிசையையும் ஏற்படுத்தாது. ஓனர் சொல்லின் மேலேயே அக்வயர் முறையில் (பிந்தைய வேலைகள் இதற்கு முன்னால் நழுவாதபடி) ஒரு செயல் வேண்டும், அது இல்லை. ஆர்ம்64 போன்ற தளர்வான சிபியுவில், பூட்டு கிடைப்பதற்கு முன்பே பூட்டுக்குள் செய்ய வேண்டிய படிப்புகள் நடந்துவிடலாம்.

மெல் கோர்மன் எழுதிய பேட்ச் அந்த ஆண்டு டிசம்பரில் வந்தது. சீரமைப்புச் செயற்கூறுக்கு ஒரு கூடுதல் அளவுரு: அழைப்பவர் பூட்டைப் பெறும் வழியில் இருக்கிறாரா இல்லையா. பெறும் வழி என்றால் பிட்டை அழிக்கும் எழுத்து, அக்வயர் முறையிலான எக்ஸ்சேஞ்ச் ஆகிறது; மற்ற இடங்களில் 2016-ன் ரைட்-ஒன்ஸ் அப்படியே. அதற்கு முன்னால் நிற்கும் 'பிட் 1 என்றால்' நிபந்தனை இரண்டுக்கும் பொது. 2024 நவம்பரில் ரியல்-டைம் கட்டமைப்பை முதன்மைக் கெர்னலிலேயே இயக்கும் வசதியோடு 6.12 வெளியானபோது, அந்தச் செயற்கூறு இந்த வடிவில்தான் போயிற்று.